கோட்டையை வென்ற பத்திரம்

கரீபியன் கடலிலே ஹெய்ட்டி என்றோர் நாடு. அதன் வடபகுதியிலே மிலோ எனும் சிற்றூர். அங்கிருந்து மலைப்பாதை ஏறினால், சுமார் 900 மீட்டர் உயரத்திலே, முகிலை முட்டி நிற்கிறது லாஃபெரியர் கோட்டை. உலகப் பாரம்பரியச் சின்னம் என 1982-இல் யுனெஸ்கோ அறிவித்த இடம்.

கோட்டை என்றதும் பரம்பரை மன்னரின் பகட்டு நினைவுக்கு வரும். இதன் கதை வேறு, தோழர்களே! கரும்புத் தோட்டத்திலே சவுக்கடி பட்டுக் கிடந்த கருநிற அடிமைகள், 1791-இல் பொங்கி எழுந்தனர். அவர்தம் தலைவர் தூசான் லூவர்தூரைப் பிடித்துச் சென்று பிரான்சு நாட்டுச் சிறையிலே அடைத்தனர். 1803-இல் அங்கேயே மாண்டார். தலைவர் மாண்டார்; போர் மாளவில்லை! அதே ஆண்டு நவம்பரில், வெர்த்தியேர் களத்திலே நெப்போலியன் அனுப்பிய படை தோற்றது. 1804 சனவரி முதல் நாள், விடுதலை முழக்கம்!

பிரெஞ்சுக்காரன் மீண்டும் வருவான் என்ற அச்சம் அகலவில்லை. எனவே 1805-இல் தொடங்கிற்று கோட்டை வேலை. கட்டுவித்தவர் ஆன்றி கிறிஸ்தோஃப். அவரும் ஒருநாள் அடிமையாக இருந்தவரே. கல்லையும் பீரங்கியையும் மலைமீது ஏற்றியவர் 20,000 பேர் வரை என்பர். விரும்பி வந்தவரா? இல்லை. விலங்கு ஒடித்த கைகளையே கட்டாய வேலைக்கு இழுத்தனர். 1811-இல் கிறிஸ்தோஃப் முடி சூடினார். மலையடியிலே சான்சூசி அரண்மனை எழுந்தது. 1820-இல் கலகம் மூண்டது. தம்மைத் தாமே சுட்டுக்கொண்டு மாண்டார் மன்னர். 1842 நிலநடுக்கம் அரண்மனையை இடித்தது. இன்று இடிபாடு மட்டுமே மிச்சம்.

பீரங்கிகள் என்னவாயின? படையெடுத்து வந்த பிரெஞ்சுக்காரன்மீது ஒரு குண்டும் பாயவில்லை. ஏன்? அவன் மலைக்கு வரவில்லை, துறைமுகத்துக்கு வந்தான். 1825-இல், 14 போர்க்கப்பல்களை நிறுத்திவைத்து, ஒரு பத்திரத்தை நீட்டினான். "நாட்டை அங்கீகரிக்கிறோம், 15 கோடி பிராங்க் நட்டஈடு கொடு" என்பது அதன் சாரம். யாருக்கு நட்டஈடு? அடிமைகளை இழந்த பண்ணை முதலாளிகளுக்கு! அடிபட்டவன், அடித்தவனுக்கு அபராதம் கட்டுவதா? கட்டினான். 1838-இல் தொகை 9 கோடியாகக் குறைந்தது. அதைக் கட்ட பாரிஸ் வங்கியிலே கடன், கடனுக்கு வட்டி. வட்டிக்கு மேல் வட்டியாய் வளர்ந்த அந்தச் சுமை இறங்கியது 1947-இல்தான். வாளால் இழந்ததை வட்டியால் மீட்டது வல்லரசு!

தலைநகர் போர்ட்டோ பிரின்சிலே 1967-இல் ஒரு சிலை நாட்டினர். மன்னனுக்கு அல்ல, பெயரறியா ஓர் அடிமைக்கு. காலிலே அறுந்த சங்கிலி, கையிலே வெட்டுக்கத்தி, வாயிலே சங்கு.

கோட்டை காணச் செல்வோர் பீரங்கிகளை எண்ணுவர். கல் சுமந்த தோள்களையும் எண்ணட்டும்! கொடி ஏறிய நாளோடு விடுதலை முடிந்துவிடுவதில்லை. கோட்டை வாயிலைக் காப்போர், கருவூலத்தின் வாயிலையும் காத்திட வேண்டும். சங்கொலி சொல்லும் சேதி அதுதான்.