பிள்ளைக்குப் பதினேழு ஆகிவிட்டதா? வரிக்கணக்கில் கவனம்

அமெரிக்காவில் வாழும் ஒரு குடும்பத்தில் மகளுக்கு டிசம்பர் 31 அன்று 17 வயது நிறைகிறது. அதுவரை ஆண்டு முழுக்க அவளுக்குப் பதினாறுதான். ஆனால் வரித்துறையான ஐ.ஆர்.எஸ். பார்ப்பது ஆண்டின் கடைசி நாளில் என்ன வயது என்பதை மட்டுமே. 2025 கணக்கில் அவளுக்காக 2,200 டாலர் வரை கிடைத்திருக்க வேண்டிய குழந்தை வரிச்சலுகை அந்த ஒரு நாளால் போய்விடும். அதற்குப் பதில் கிடைப்பது அதிகபட்சம் 500 டாலர். கல்லூரி விண்ணப்பக் கட்டணம், கார் காப்பீடு என்று செலவு ஏறும் வயதில் சலுகையைக் குறைப்பது நியாயமே இல்லை.

சலுகை குறைந்ததும், இனி பிள்ளையைக் கணக்கில் காட்ட முடியாது என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். அது தவறு. ஆண்டு முடிவில் 19 வயதுக்குள் இருந்தால் டிபென்டென்டாக, அதாவது உங்களைச் சார்ந்திருப்பவராக, காட்டலாம். ஆண்டில் ஐந்து மாதங்களிலாவது முழுநேர மாணவராக இருந்தவர் என்றால் 24 வயதுக்குள் இருக்கும் வரை காட்டலாம். பாதி ஆண்டுக்கு மேல் உங்களோடு வசித்திருக்க வேண்டும். படிப்புக்காக விடுதியில் தங்கிய நாட்களும் வீட்டில் இருந்ததாகவே கணக்கு. பகுதிநேர வேலையில் எவ்வளவு சம்பாதித்தாலும் தடையில்லை. தன் செலவில் பாதிக்கு மேல் தானே பார்த்துக்கொண்டால்தான் சிக்கல். கல்வி உதவித்தொகை அந்தக் கணக்கில் சேராது.

சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாத எச்-4 விசாப் பிள்ளைகளுக்கும், ஐ.டி.ஐ.என். என்ற வரி எண் வாங்கியிருந்தால், இந்த 500 டாலர் உண்டு.

உண்மையான சறுக்கல் வேறிடத்தில் இருக்கிறது. கடையில் வேலை பார்த்த மகன், சம்பளத்தில் பிடித்த வரியைத் திரும்பப் பெறத் தானே கணக்குத் தாக்கல் செய்வான். 'உங்களை வேறொருவர் டிபென்டென்டாகக் காட்ட முடியுமா?' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று தட்டிவிட்டால், பெற்றோர் இணையவழி அனுப்பும் கணக்கு பெரும்பாலும் நிராகரிக்கப்படும். பிறகு அவன் 1040-எக்ஸ் படிவத்தில் திருத்தித் தர வேண்டும். போவது 500 டாலர் மட்டுமல்ல. கல்லூரிக் கட்டணத்துக்காக ஆண்டுக்கு 2,500 டாலர் வரை தரும் சலுகையைப் பெற்றோர் கோர வேண்டுமானால், பிள்ளை அவர்கள் கணக்கில் இருந்தாக வேண்டும்.

ஏப்ரல் 15 கெடுவுக்கு முன் பிள்ளையோடு உட்கார்ந்து இரண்டு கணக்குகளையும் சேர்த்தே பாருங்கள். அந்தக் கேள்விக்கு 'ஆம்' என்று பதில் சொன்னாலும் பிடித்த வரி அவனுக்குத் திரும்பக் கிடைக்கும் என்பதை முதலில் சொல்லிவிடுங்கள்.