கள்ளுக்கடையும் கறுப்புக் கண்ணாடியும்

கோயமுத்தூர், ஈரோடு, சேலம் என்று கொங்கு நாட்டில் எங்கே பழைய தலைவர்களைப் பற்றிப் பேச்சு எழுந்தாலும், ராஜாஜியின் கறுப்புக் கண்ணாடி முன்னே வந்து நிற்கிறது. திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் 1925-ல் அவர் காந்தி ஆசிரமம் அமைத்தார். மதுவிலக்குக்கென்றே 1929-ல் 'விமோசனம்' பத்திரிகையைத் தொடங்கினார். துணைக்கு வந்தவர் கல்கி. ஹாஸ்யத்தில் கை தேர்ந்த அவரைக் கள்ளின் மீது ஏவிவிட்டால் கள் என்ன கதியாகும்! ஆயினும் பத்து இதழ்களோடு நின்றது பத்திரிகைதான்; கள்ளுக்கடை அன்று.

1937-ல் சென்னை மாகாணப் பிரதம மந்திரியானதும், அக்டோபர் முதல் தேதி, சேலம் ஜில்லாவில் கடைகளை மூடியே விட்டார். திருச்செங்கோடு அப்போது அந்த ஜில்லாவைச் சேர்ந்தது. கஜானாவில் விழுந்த ஓட்டையை அடைக்க 1939-ல் விற்பனை வரி வந்தது. இந்தியாவில் அத்தகைய பொது வரி அதுவே முதலாவது. குடித்தவன் கொடுத்து வந்ததை இனிக் குடிக்காதவனும் கொடுக்க வேண்டியதாயிற்று! வியாபாரிகள் இந்த ஹாஸ்யத்தை ரசிக்கவில்லை. இன்று ஏக்கத்தோடு அவரைப் போற்றும் நாம் அந்தக் கோபத்தை வசதியாக மறந்து விடுகிறோம்.

எண்பதாம் பிராயத்தில், 1959-ல், சுதந்திராக் கட்சியைத் தொடங்கிய அவர், காங்கிரஸ் ஆட்சிக்கு 'பர்மிட்-லைசென்ஸ்-கோட்டா ராஜ்யம்' என்று நாமகரணம் செய்தார். தாம் வாலிப வயதிலிருந்து உழைத்து வளர்த்த கட்சிக்கு!