இரவில் கனக்கும் உள்ளம்

பகலில் பாரம் தெரிவதில்லை. அடுப்படி வேலை, அலுவலகம், பிள்ளைகளின் பள்ளிக்கூடம், வருவோர் போவோர் என்று பொழுது நம்மை இழுத்துக்கொண்டு ஓடிவிடுகிறது. இரவுச் செபம் முடிந்து, வீட்டில் விளக்கணைந்த பிறகுதான் சிலருக்குத் துன்பம் தொடங்குகிறது. மற்றவர்கள் அயர்ந்து உறங்க, அவர்கள் மட்டும் கூரையைப் பார்த்தபடி கிடக்கின்றனர். என்றோ ஒருவர் சொன்ன சுடுசொல், அடைபடாத கடன், பிரிந்துபோன உயிர், தாம் எவருக்கும் பயன்படவில்லை என்ற எண்ணம் ஆகிய யாவும் ஒவ்வொன்றாக வந்து தலைமாட்டில் அமர்ந்துகொள்கின்றன.

மகனை வளைகுடா நாட்டுக்கு அனுப்பிவிட்ட தாய், ஓய்வு பெற்ற ஆசிரியர், கணவரை இழந்த இளம்பெண், தேர்வில் தவறிய மாணவன், பிள்ளை பெற்று ஒரு மாதமே ஆன மருமகள் என இத்தகையோர் எந்தப் பங்கிலும் உண்டு. ஞாயிறு திருப்பலியில் நம் அருகிலேயே அவர்கள் முழந்தாளிட்டிருக்கலாம். நலம் விசாரித்தால், “ஆண்டவர் புண்ணியத்தில் சுகந்தான்” என்றே மறுமொழி வரும். அவர்களுடைய இரவுகளைப்பற்றி நாம் கேட்பதில்லை, அவர்களும் சொல்வதில்லை. அந்த இரவுகளைப்பற்றியே இம்மாதம் நம் குடும்பங்களோடு பேச விரும்புகின்றோம்.

துயரமா, நோயா?

துயரம் மனித வாழ்வோடு பிறந்தது. இழப்பு நேர்ந்தால் அழுகிறோம், நாளடைவில் ஆறுகிறோம். அழுகைக்கு நடுவிலும் பேரக்குழந்தையின் மழலை நம்மைச் சிரிக்க வைக்கிறது. ஆனால் மனச்சோர்வு என்னும் நோய் வேறு. இரண்டு வாரங்களுக்கு மேலாக, ஏறத்தாழ எல்லா நாளும், நாளின் பெரும்பகுதி உள்ளம் கவிழ்ந்தே இருப்பதும், முன்பு மகிழ்ச்சி தந்தவற்றில் நாட்டமே அற்றுப்போவதும் அதன் முதன்மையான அடையாளங்கள். அவற்றோடு உறக்கக் கேடு, பசியின்மை, ஓயாத களைப்பு, கவனக் குறைவு, காரணமற்ற குற்றவுணர்வு, சாவைப்பற்றிய எண்ணம் ஆகியவற்றுள் பலவும் சேர்ந்து வருமாயின், அது மருத்துவர் பார்க்க வேண்டிய நோயாகும்.

நம் மக்களிடம் இந்நோய் பெரும்பாலும் மனத்தின் பெயரால் வெளிப்படுவதில்லை. தலைப்பாரம், நெஞ்சுப் படபடப்பு, கை கால் குடைச்சல், வயிற்று எரிச்சல் என்று உடலின் பெயரால் வருகிறது. “நரம்புத் தளர்ச்சி” என்று எண்ணி, சத்து மருந்தும் லேகியமும் வாங்கி ஆண்டுக்கணக்கில் உண்போர் உளர். மறுபுறம், தைராய்டுச் சுரப்பியின் குறைபாடு, இரத்தசோகை, சில மருந்துகள், மதுப்பழக்கம் ஆகியவை மனச்சோர்வைப் போன்ற தோற்றத்தை உண்டாக்கக்கூடும். ஆகவேதான் முதலில் உடலையும் சோதித்துப் பார்த்துவிடுவது நலம்.

இரவில் ஏன் கூடுகிறது?

நம் மூளையின் அடிப்பகுதியில், இரு கண்களின் நரம்புகளும் ஒன்றையொன்று கடக்கும் இடத்திற்குச் சற்று மேலே, கடுகளவான ஒரு நரம்புத் தொகுதி உடலின் கடிகாரமாக இயங்குகிறது. கண்வழியே வரும் வெளிச்சத்தைக் கொண்டு அது நேரம் சரிபார்த்துக்கொள்கிறது. இருள் சூழ்ந்ததும் மெலட்டோனின் என்னும் சுரப்பு பெருகுகிறது, உடல்வெப்பம் தணிகிறது, விடியலுக்குச் சற்று முன் அது மிகத் தாழ்ந்த நிலையை அடைகிறது. உயிரணுக்களுக்குள் இக்கடிகாரம் இயங்கும் விதத்தைப் பழ ஈக்களில் ஆராய்ந்து கண்ட ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கும் 2017ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

மனச்சோர்வுற்றோரிடம் இக்கடிகாரம் அடிக்கடி தடுமாறுகிறது. போதாக்குறைக்குப் பகலின் அலுவல்கள் மறைத்து வைத்திருந்த கவலைகள், நிசப்தத்தில் தடையின்றித் தலைதூக்குகின்றன. களைத்த மூளைக்கு அவற்றை எடைபோடும் ஆற்றலும் குறைவு. நண்பகலில் சிறு கல்லாகத் தெரிவது நள்ளிரவில் மலையாகத் தெரிவதன் காரணம் இதுவே.

மற்றொரு வகையினரும் உண்டு. அவர்கள் எளிதில் உறங்கிவிடுவர்; ஆனால் பின்னிரவு 3 மணிக்கோ 4 மணிக்கோ விழித்துக்கொள்வர். காலையில் பாரம் மிகுந்தும் மாலையில் சற்றுத் தணிந்தும் இருக்கும். எந்த நேரத்தில் கூடுகிறது, எந்த நேரத்தில் குறைகிறது என்பதை மருத்துவரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும். நோயின் தன்மையை அறிய அது அவருக்கு உதவும்.

இரவுக்கான சில நெறிகள்

நல்ல உறக்கத்திற்கான ஆயத்தம் காலையிலேயே தொடங்குகிறது. இரவு எப்படிக் கழிந்திருந்தாலும், குறித்த நேரத்தில் எழுந்துவிட வேண்டும். எழுந்ததும் வாசலுக்கோ மொட்டை மாடிக்கோ சென்று அரைமணி நேரமேனும் காலை வெளிச்சத்தில் நடப்பது உடற்கடிகாரத்தைச் சீராக்கும். பகலுறக்கம் அரைமணிக்கு மேற்பட வேண்டா. மாலைக் காப்பியையும் கவனிக்க வேண்டும். காப்பியிலுள்ள காஃபீன் பாதியளவாகக் குறையவே ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகிறது. மாலை 5 மணிக்குப் பருகியதில் பாதி இரவு 10 மணிக்கும் உடலில் இருக்கும். “தூக்கம் வரட்டும்” என்று மது அருந்துவோர் பெருந்தவறு செய்கின்றனர். மது முதலில் உறங்கச் செய்து, நடுநிசியில் எழுப்பிவிடும், மனச்சோர்வையும் ஆழப்படுத்தும்.

கவலைகளுக்கென்று மாலையில் கால்மணி நேரம் ஒதுக்குவது மற்றொரு வழி. ஒரு குறிப்பேட்டில் மனத்தை உறுத்துவனவற்றை எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் நாளை செய்யக்கூடிய ஒரு சிறு செயலைக் குறிக்கலாம். செய்ய ஏதுமில்லையெனில் “இது என் கையில் இல்லை” என்று எழுதி மூடிவிடலாம். இரவில் அதே கவலை தட்டினால், அது ஏட்டில் இருக்கிறது என்று மனத்துக்குச் சொல்ல முடியும்.

படுத்து ஏறத்தாழ 20 நிமிடமாகியும் உறக்கம் வாராவிடில், புரண்டுகொண்டே கிடத்தல் கூடாது. எழுந்து வேறிடத்தில் மங்கிய வெளிச்சத்தில் அமர்ந்து, துணி மடித்தல் போன்ற பரபரப்பற்ற வேலை ஒன்றைச் செய்ய வேண்டும். கண் சொக்கும்போது மீண்டும் படுக்கலாம். படுக்கை என்றால் போராட்டம் என்று பழகிவிட்ட மனத்தை, படுக்கை என்றால் உறக்கம் என்று பழக்கும் இம்முறையை அமெரிக்க உளவியலறிஞர் ரிச்சர்ட் பூட்சின் 1972இல் வெளியிட்டார். இன்றளவும் உறக்கமின்மைக்கான சிகிச்சையில் இது முக்கிய இடம் பெறுகிறது. கடிகாரத்தைத் திருப்பி வைப்பதும், கைப்பேசியை வேறு அறையில் விடுவதும் இதற்குத் துணைபுரியும்.

எல்லாவற்றிலும் மேலான நெறி ஒன்றுண்டு: இரவில் எந்த முடிவும் எடுத்தல் ஆகாது. வேலையை விடுவதா, உறவை முறிப்பதா, கடிதம் எழுதுவதா என எதுவாயினும் விடியும்வரை காத்திருக்கட்டும். புனித இஞ்ஞாசியார் 1522-23இல் மன்ரேசாவில் தங்கியிருந்தபோது கடும் உள்ளத் துயருக்கு ஆளாகி, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தோடும் போராடினார். இதைத் தம் வாழ்க்கை வரலாற்றில் அவரே ஒளிவின்றிக் கூறுகிறார். திருத்தந்தை மூன்றாம் சின்னப்பர் 1548இல் அங்கீகரித்த அவரது ஆன்மப் பயிற்சி நூல், ஆறுதலற்ற வேளையில் முன்பு எடுத்த நல்ல தீர்மானத்தை மாற்றாதே என்று அறிவுறுத்துகிறது. துயரிலிருந்து மீண்ட ஒருவரின் அறிவுரை இது.

பகலில் செய்ய வேண்டியவை

மனம் நன்றானால் வேலை செய்யலாம் என்று காத்திருப்பது இயல்பு. ஆனால் இந்நோயில் வரிசை மாறி நடக்கிறது. சிறு செயல் முந்தினால் மனம் பிந்தி வருகிறது. கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் நடந்து 2017இல் வெளியான ஓர் ஆய்வு இதற்குச் சான்று. மனநல மருத்துவம் பயிலாத உள்ளூர் மக்களுக்கே பயிற்சி அளித்து, மனச்சோர்வுற்றோரோடு 6 முதல் 8 அமர்வுகள் பேச வைத்தனர். ஒதுக்கிவிட்ட அன்றாடச் செயல்களைச் சிறிது சிறிதாக மீண்டும் தொடங்கச் செய்வதே அப்பேச்சின் சாரம். மூன்று மாதங்களுக்குப் பின், அவ்வுதவி பெற்றோரில் 100க்கு 64 பேர் நோய் தணிந்த நிலையில் இருந்தனர். பெறாதோரில் அது 39 பேர் மட்டுமே. பூச்செடிக்கு நீர் ஊற்றுதல், கடைவீதிவரை நடந்து வருதல், பழைய தோழியின் வீட்டுக்குப் போய் வருதல் என்று நாளுக்கு ஒன்று போதும்.

குடும்பத்தார் கவனத்திற்கு

“உனக்கு என்ன குறை?”, “மனத்தைத் தைரியமாக வைத்துக்கொள்”, “நம்மைவிடக் கஷ்டப்படுகிறவர்கள் இல்லையா?” என்பன அன்பால் சொல்லப்படுபவையே. ஆயினும் கேட்பவருக்கு அவை மற்றொரு குற்றச்சாட்டாகவே விழுகின்றன. கால் முறிந்தவரை ஓடச் சொல்வோமா? பக்கத்தில் அமர்ந்து, “இரவெல்லாம் விழித்திருந்தாய் போலிருக்கிறதே” என்று கேட்டுவிட்டு மௌனமாகக் காத்திருப்பது பெரிய உதவி. “விழித்தால் என்னை எழுப்பு, கோபித்துக்கொள்ள மாட்டேன்” என்று சொல்வது அதனினும் பெரிய உதவி.

சாவைப்பற்றிய எண்ணம் வருகிறதா என்று நேராகக் கேட்க நாம் அஞ்சுகிறோம். கேட்பதால் அவ்வெண்ணம் முளைப்பதில்லை. சொல்ல முடிந்த ஆறுதலே கிடைக்கிறது. “ஆம்” என்று விடை வந்தால் அவரைத் தனியே விடாமல், அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்தையும் வீட்டிலுள்ள மாத்திரைகளையும் பூட்டிச் சாவியை வேறொருவர் வைத்துக்கொள்ள வேண்டும். 1897இல் காசநோயின் கொடிய வேதனையில் கிடந்த சிறுமலர் தெரேசாள், கடுந்துன்பத்தில் இருக்கும் நோயாளியின் அருகே நச்சு மருந்துகளை வைக்கலாகாது என்று மடத்தாரை எச்சரித்தார். நிலைதடுமாற ஒரு கணம் போதும் என்பதை அந்தப் புனிதை அனுபவத்தால் அறிந்திருந்தார். அந்தக் கணத்தைக் கடக்க உதவுவதே நம் கடமை.

நள்ளிரவிலும் பேசுவதற்கு ஆள் உண்டு. நடுவணரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் சேவையின் 14416 என்னும் எண்ணை இரவும் பகலும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்துக்கு ஆளானவராகவே கருதி, அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிக்க வேண்டும் என்பது 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் நெறி. ஆகவே, வழக்குக்கு அஞ்சி மருத்துவமனைக்குப் போகாமல் இருத்தல் வேண்டா.

மருந்தும் நம்பிக்கையும்

மனச்சோர்வுக்கான மருந்துகள் ஓரிரு நாளில் வேலை செய்வதில்லை. பயன் தெரிய 2 முதல் 4 வாரங்கள் ஆகலாம். அதற்குள் “கேட்கவில்லை” என்று விட்டுவிடுவோர் பலர். குணமானபின்பும் குறைந்தது 6 மாதமேனும் தொடர்வது வழக்கம். நிறுத்தும்போது மருத்துவர் சொற்படி படிப்படியாகவே குறைக்க வேண்டும். இவை வேறு, தூக்க மாத்திரைகள் வேறு. தூக்க மாத்திரைகளுள் பல நாளடைவில் பழக்கமாகிவிடக்கூடியவை. மருத்துவர் குறித்த சில நாள்களுக்கு மேல் அவற்றைத் தாமாக வாங்கி உண்ணலாகாது. மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு.

“செபம் போதவில்லை, அதனால்தான் இந்தச் சோர்வு” என்று சொல்வோரும் நம்மிடையே உளர். இது தவறு. சாவை வேண்டிப் பாலைநிலத்துச் செடியின் கீழ்ப் படுத்துவிட்ட எலியா இறைவாக்கினரை வானதூதர் கடிந்துகொள்ளவில்லை. அப்பமும் தண்ணீரும் தந்தார், உறங்கவிட்டார், மறுபடியும் எழுப்பி உண்ணச் செய்தார். தெரேசாளின் தந்தை லூயி மார்ட்டின், மூளையைத் தாக்கிய நோயால் 1889 முதல் 1892 வரை பிரான்சின் கான் நகர மனநோய் மருத்துவமனையில் இருந்தார். அக்குடும்பம் ஊராரின் ஏச்சையும் பொறுத்துக்கொண்டது. 2015இல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. மனநல மருத்துவமனையின் வாயிலைக் கடப்பது நம்பிக்கைக் குறைவன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

உயிரை மாய்த்துக்கொண்ட ஒருவரை எண்ணி இரவில் வாடும் குடும்பங்களுக்கும் ஒரு சொல். கடுமையான உளக்கோளாறு ஒருவரின் பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்றும், அத்தகையோரின் மீட்பைக் குறித்து நாம் நம்பிக்கை இழக்கலாகாது என்றும் 1992இல் வெளியான திருச்சபையின் மறைக்கல்வி நூல் கற்பிக்கிறது. அவர்களுக்காகத் திருச்சபை மன்றாடுகிறது.

நோயுற்றவர் இரவில் நெடுஞ்செபம் செய்யவோ, பழைய பாவங்களைத் தோண்டி ஆன்ம சோதனை செய்யவோ முயல வேண்டா. அது பகலுக்கு உரியது, குருவானவரின் துணையோடு செய்வதற்கு உரியது. இரவுக்கு ஒரு பத்துமணிச் செபமாலை போதும். நடுவில் உறங்கிப்போனால் குற்றமில்லை. உறங்காது போனாலும், விடிந்ததும் எழுந்து வெளிச்சத்துக்கு வாருங்கள். பிறகு வீட்டில் ஒருவரிடமேனும் சொல்லுங்கள்: “நேற்றிரவு எனக்கு மிகக் கடினமாக இருந்தது. மருத்துவரிடம் போகும்போது கூட வருகிறாயா?”