தேத்தண்ணியோடு இறங்கும் குளிசை

மலைநாட்டு முதுமை – 6

கொழும்பில் கடையில் நிற்கும் பேரன் தீபாவளிக்குக் கந்தப்பளைக்கு வரும்போது, சேலையோடு ஒரு விற்றமின் போத்தலையும் கொண்டுவருகிறான். "தினம் ஒண்ணு போடுங்க அப்பாயி, தெம்பு வரும்." சாமிப்படத்துக்குப் பக்கத்தில் போத்தலுக்கு இடம் கிடைக்கிறது. மறுநாள் காலை, ரொட்டியும் சம்பலும் தின்ற கையோடு, சுடச்சுட வெறுந்தேத்தண்ணியில் குளிசை உள்ளே போகிறது.

சிக்கல் அந்தத் தேத்தண்ணியில்தான் தொடங்குகிறது. சாயத்தின் துவர்ப்பு இரும்புச்சத்தைப் பிடித்துக்கொள்ளும். குடல் உறிஞ்சுவதற்குள் பெரும்பகுதி வீணாகிவிடும். குளிசையில் உள்ள இரும்புக்கும் இதே கதி, கீரையில் உள்ளதற்கும் இதே கதி. ஆயுள் முழுக்கக் கொழுந்து பறித்தவரைத் தேத்தண்ணியை விடச் சொல்வது நடக்காத காரியம். சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் இடையில் ஒரு மணிநேரம் விட்டால் போதும். பொன்னாங்காணிச் சுண்டலில் தேசிக்காய் பிழிந்தால் இரும்பு இன்னும் நன்றாகச் சேரும்.

ஆனால் மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு இரத்தம் குறைந்தால், அது எங்கே போகிறது என்று முதலில் கேட்க வேண்டும். போன வாரம் பேசிய முழங்கால் வலிக் குளிசை வயிற்றைப் புண்ணாக்கிக் கசியவிடலாம். குடலில் கட்டியும் இருக்கலாம். காரணம் தேடாமல் இரும்புக் குளிசை போடுவது, ஒழுகும் பீப்பாய்க்குத் தண்ணீர் ஊற்றுவதுதான்.

குறை உள்ள உடம்பில் சத்து மருந்து என்ன செய்யும் என்பதை இந்த நாடும் கண்டிருக்கிறது. 1931இல் லூசி வில்ஸ் என்ற மருத்துவர், பம்பாயின் கர்ப்பிணித் துணி ஆலைத் தொழிலாளிகளின் சோகையை மாமைட் என்னும் ஈஸ்ட் சாறு குணப்படுத்துவதாக எழுதினார். அதிலிருந்த மருந்து ஃபோலிக் அமிலம் என்பது பின்னர் தெரியவந்தது. 1934-35 மலேரியாக் கொள்ளைநோயில் நிவாரணப் பணிக்கு இறங்கிய இலங்கையின் சூரியமல் இயக்கத்தார் நலிந்துபோனவர்களுக்குக் கொடுத்ததும் அதே மாமைட்தான்.

குறை இல்லாத உடம்பில்? அமெரிக்காவில் ஐம்பது வயது தாண்டிய 25,871 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. விற்றமின் டி குறைந்தவர்கள் என்று பார்த்து யாரையும் சேர்க்கவில்லை. தினம் 2,000 அலகு டி கொடுத்து ஐந்து வருஷத்துக்கு மேல் கவனித்தார்கள். புற்றுநோயும் மாரடைப்பும் வருவது குறையவில்லை. எலும்பு முறிவும் குறையவில்லை என்று 2022இல் அறிவித்தார்கள்.

சில சமயம் கெடுதலும் உண்டு. கந்தப்பளைக் கரட்டுக்கு நிறம் தரும் பீட்டா கரோட்டினைப் பின்லாந்தில் 29,133 புகைபிடிக்கும் ஆண்களிடம் சோதித்தார்கள். 1994இல் வந்த முடிவின்படி, அந்தக் குளிசையை விழுங்கியவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடுதலாக வந்திருந்தது. கரட்டைப் பயமில்லாமல் தின்னலாம். சுருட்டுப் பிடிக்கும் தாத்தாவுக்கு அந்தக் குளிசை மட்டும் ஆகாது.

அப்படியானால் போத்தலே வேண்டாமா? வேண்டியவர்களும் இருக்கிறார்கள். வயதானால் பலருக்கு வயிற்று அமிலம் குறைகிறது. அதனால் முட்டையிலும் மீனிலும் பிணைந்திருக்கும் பி12 பிரிந்து வருவதில்லை. குளிசையில் அது பிரிந்தே இருப்பதால் உடம்பில் சேர்கிறது. சீனி வருத்தத்துக்கு வருஷக்கணக்கில் மெட்ஃபோமின் போடுபவர்களுக்கும், நெஞ்செரிச்சலுக்கு ஒமிபிரசோல் போடுபவர்களுக்கும் இந்தக் குறை வரக்கூடும். கால் மரத்துப்போவதும் ஞாபகம் தடுமாறுவதும் எல்லா நேரமும் வயதின் கோளாறு அல்ல. இரத்தத்தைச் சோதித்தால் தெரிந்துவிடும்.

ஆகவே கிளினிக் போகும் நாளில் கொப்பியோடு அந்தப் போத்தலையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். தைரோயிட் குளிசையோடு கல்சியத்தைச் சேர்த்து விழுங்கினால் தைரோயிட் மருந்து சரியாகச் சேராது. இரத்தம் உறையாமல் இருக்க வோபரின் எடுப்பவருக்கு விற்றமின் கே மருந்தின் வேலையைக் குலைக்கும். டொக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே எடுத்துக் காட்டுங்கள்.

இனிப் பேரனுக்கு ஒரு சொல். போத்தல் காசில் முட்டையும் நெத்தலிக் கருவாடும் வாங்கிக் கொடுங்கள் என்றுதான் எழுத வந்தேன். ஆனால் அப்பாயி ரொட்டியைத் தேத்தண்ணியில் நனைத்துத் தின்பது ருசிக்காக மட்டும் அல்ல. கருவாட்டைக் கடிக்க அவருக்குப் பல் இல்லை.

அடுத்த வாரம்: பல்.