தூங்காத பிள்ளையும் உடம்புக் கடிகாரமும்

எங்கள் உறவில் ஒரு பையன். வயது பன்னிரண்டு. டவுன் சின்ட்ரோம் உள்ளவன். ராத்திரி நாலைந்து தடவை எழுந்து உட்கார்ந்துவிடுவான். பகலில் இருந்த இடத்திலேயே தூங்கி விழுவான். 'பிடிவாதம்', 'செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டாங்க', 'திருஷ்டி' என்று ஆளுக்கொன்று சொன்னோம். அடியேனும் சொன்னவன்தான். சமணர் வீட்டில் பொழுது சாயுமுன் சாப்பாடு முடிந்துவிடும். பிறகும் பிள்ளை தூங்கவில்லை என்றால் தாயின் வளர்ப்பில்தான் குறை என்பது என் தீர்ப்பு. அது தவறு என்று படித்துத் தெரிந்துகொண்டதால் இதை எழுதுகிறேன்.

தூக்கம் நாம் மிரட்டி வருவதன்று. மூளைக்குள் ஒரு கடிகாரம் உண்டு. கண்ணில் படும் வெளிச்சத்தைக் கொண்டு அது நேரம் பார்க்கிறது. இருட்டியதும் பீனியல் சுரப்பி மெலட்டோனினைச் சுரந்து, 'இரவு வந்தாச்சு' என்று உடம்புக்குத் தண்டோரா போடுகிறது. 1958-இல் அமெரிக்காவில் ஆரன் லெர்னர் குழுவினர் இப்பொருளைக் கண்டறிந்தனர்.

வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்குத் தூக்கம் கெடும் காரணம் எல்லோருக்கும் ஒன்றல்ல. டவுன் சின்ட்ரோமில் மூச்சுப் பாதை குறுகலாகவும் தசைகள் தளர்வாகவும் இருப்பதால், தூக்கத்தில் மூச்சு அடைபட்டு விழிப்புத் தட்டும். இக்குழந்தைகளுக்கு 4 வயதுக்குள் தூக்கப் பரிசோதனை செய்யும்படி அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் பரிந்துரைக்கிறது. ஸ்மித்-மஜெனிஸ் என்ற அரிய குறைபாட்டில் பெரும்பாலோருக்கு மெலட்டோனின் பகலில் சுரக்கிறது. அவர்களுக்கு இரவே பகல்! ஆட்டிசத்தில் பாதிப் பேருக்கு மேல் தூக்கச் சிக்கல் உண்டு. சிறு ஓசையும் வெளிச்சமும் சிலரை எழுப்பிவிடும். வாய்விட்டுச் சொல்லத் தெரியாத பல்வலி, நெஞ்செரிச்சல், மலச்சிக்கல், இரவு வலிப்பு ஆகியவற்றையும் மறக்கலாகாது.

பெற்றோர் செய்யக்கூடியது என்ன? படுத்த நேரம், விழித்த நேரம் இரண்டையும் இரண்டு வாரம், நம் கடைக் கணக்கு மாதிரி, நோட்டில் எழுதுங்கள். குறட்டை விட்டாலோ, மூச்சுத் திணறினாலோ, உட்கார்ந்தபடியே தூங்கினாலோ செல்போனில் படம் பிடித்து டாக்டரிடம் காட்டுங்கள். தினமும் ஒரே நேரத்தில் எழுப்பிக் காலை வெயிலில் நடக்க விடுங்கள். படுக்குமுன் ஒரு மணி நேரம் டிவி, செல்போன் வேண்டாம். தூக்க மாத்திரை, மெலட்டோனின் எதையும் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். சில தூக்க மருந்துகள் மூச்சடைப்பை அதிகமாக்கும்.

நமக்கு வழிகாட்ட ஊரிலேயே இடம் இருக்கிறது. செகந்திராபாத் மனோவிகாஸ் நகரில் 1984-இல் தொடங்கிய மத்திய அரசின் நிறுவனம் அது. முன்பு தேசிய மனவளர்ச்சி குன்றியோர் நிறுவனம் என்றிருந்த பெயர், இன்று தேசிய அறிவுசார் மாற்றுத்திறனாளிகள் மேம்பாட்டு நிறுவனம் என்றாகியிருக்கிறது. பெற்றோர்க்குப் பயிற்சியும் தருகிறார்கள்.

எங்கள் பையனுக்கு டான்சில் அறுவை ஆயிற்று. முழுக்கச் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். இப்போது ராத்திரி ஒரு தடவைதான் எழுகிறான். அவன் அம்மாவிடம், "நான் சொன்னது தப்பும்மா" என்றேன். "பரவாயில்லை பெரியப்பா, இப்ப நானும் தூங்குறேன்" என்றாள்.