ஒரு கோளம், இரண்டு வேலை

1960 ஜூன் 22 அன்று கேப் கனாவரலில் இருந்து கிளம்பிய ராக்கெட், ட்ரான்சிட் 2ஏ செயற்கைக்கோளோடு ஒரு சிறு உலோகக் கோளத்தையும் சுற்றுப்பாதையில் விட்டது. குறுக்களவு 51 செ.மீ., எடை 19 கிலோ. சூரியக் கதிர்வீச்சை அளக்கும் 'சோல்ராட்' என்று அமெரிக்கக் கடற்படை ஆய்வகம் அதை அறிவித்தது. சொன்னது பொய்யில்லை, சொல்லாமல் விட்டதும் உண்டு. அதே கோளத்துக்குள் 'கிராப்' என்ற உளவுக் கருவியும் இருந்தது.

சூரியனில் திடீர்ச் சுவாலை எழும்போது பூமியில் சிற்றலை வானொலி மங்கிப்போகும். காரணம் எக்ஸ் கதிரா, புற ஊதாக் கதிரா என்பது கேள்வி. முந்தைய ஆண்டு பறந்த வேன்கார்டு 3 செயற்கைக்கோளின் உணரிகளை, பூமியைச் சூழ்ந்த கதிர்வீச்சு வளையத்தின் துகள்கள் திணறடித்துவிட்டன. அதனால் சோல்ராடில் உணரிக்கு முன்னால் காந்தம் வைத்தார்கள். மின்னேற்றம் உள்ள துகள்கள் காந்தத்தில் விலகிப்போகும். எக்ஸ் கதிர் வளையாமல் நேரே வந்து விழும். குற்றவாளி எக்ஸ் கதிர்தான் என்று தெரிந்தது.

உளவு வேலையும் எளிமையானதுதான். ராடார் அலை நேர்கோட்டில் போகும், பூமியோ வளைந்தது. எல்லைக்கு வெளியே பறக்கும் விமானத்துக்கு, சோவியத் நாட்டின் உட்பகுதி ராடார் எட்டாது. விண்வெளியில் எட்டும். கிராப் எதையும் சேமிக்கவில்லை. பிடித்த துடிப்பை வேறு அலைவரிசையில் உடனே கீழே அனுப்பியது. தரைநிலையங்களில் காந்தநாடா அதைப் பதிந்துகொண்டது. சோவியத் வானில் அமெரிக்க உளவு விமானம் யூ-2 சுடப்பட்டு இரண்டு மாதம்கூட ஆகாத நேரம். அதனால் அமெரிக்க அதிபர் ஐசனோவரின் அனுமதி இல்லாமல் அந்தக் கருவியை இயக்க முடியாது.

அடுத்தது சறுக்கியது. 1960 நவம்பர் 30 அன்று முதல் அடுக்கு எஞ்சின் நேரத்துக்கு முன்பே நின்றுவிட, ராக்கெட்டை வெடிக்க வைத்தார்கள். சிதறல் கியூபாவில் விழுந்தது. ஒரு பசு செத்ததாகச் செய்தி பரவ, கியூபா கொதித்தது. 1961 ஜூன் 29-இல் ஏவியது சுற்றுப்பாதைக்குப் போனது. ஆனால் கூடவே வந்த இன்ஜுன் 1 என்ற செயற்கைக்கோள் பிரியாமல் ஒட்டிக்கொண்டது. அப்படியும் கோளம் வேலை செய்தது. 1962 ஜனவரியிலும் ஏப்ரலிலும் ஏவிய இரண்டும் சுற்றுப்பாதையை எட்டவில்லை.

ஐந்தில் இரண்டுதான் தேறின. உளவுப் பாதியை 1998 வரை மூடியே வைத்தார்கள். சூரியப் பாதி வெளிப்படையாகவே வளர்ந்தது: சுவாலைகளை இன்றும் எக்ஸ் கதிரின் வலிமையை வைத்தே தரம் பிரிக்கிறோம்.