தித்திப்பின் தடம் – 14: கடல் காய்ச்சிய ஒயின்

போன வாரம் பிரான்சின் சொத்தேர்னில், பூஞ்சணம் பிடித்த திராட்சையோடு நிறுத்தியிருந்தேன். இந்த வாரம் பண்ருட்டிப் பலா என்று சொன்னதும் நினைவிருக்கும். நடுவில் ஒரு மதீரா ஒயின் புட்டி வந்து வழியை மறித்துக்கொண்டது.

லிஸ்பனிலிருந்து விடுமுறைக்கு வந்த நண்பர் கொண்டுவந்தது. மதீராவில் இனிப்பு மிகுந்த ரகமான மால்ம்சி, 10 வருடம் முதிர்ந்தது. பக்கத்தில் வைத்துப் பார்க்க நாசிக்கில் சூலா செய்யும் ‘லேட் ஹார்வெஸ்ட்’. திராட்சையைக் கொடியிலேயே கூடுதல் நாள் விட்டுச் சர்க்கரை ஏறியபின் பறித்துச் செய்கிற இளம் ஒயின். முந்திரி வியாபாரம் செய்யும் அண்ணன் வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்தோம்.

இளசு வெளிர்மஞ்சள். தேனும் மாம்பழமும் மணந்தது, முதல் வாய்க்கு அமிர்தம்; இரண்டாவது கிளாஸில் திகட்டியது. மதீரா டிகாஷன் நிறம். கருகும் பக்குவத்து வெல்லம், காய்ந்த ஆரஞ்சுத் தோல், கடைசியில் நாக்கின் ஓரங்களைச் சுண்டும் புளிப்பு. பானகத்தில் எலுமிச்சை பிழிகிறோமே, அந்த வேலையை இங்கே திராட்சையே செய்துவிடுகிறது. "வறுத்த முந்திரிக்கு இதுதாம்ப்பா" என்றார் அண்ணன். அத்தோடு இளசை அவர் தொடவில்லை.

இந்த ஒயினை ஆக்கியது வெயில். அட்லாண்டிக்கில் போர்ச்சுகலுக்குச் சொந்தமான தீவு மதீரா. கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் அங்கே நின்று பீப்பாய்களை ஏற்றிக்கொண்டு நம் பக்கம் வரும். ஆப்பிரிக்காவைச் சுற்றி வருவதற்குள் பூமத்திய ரேகையை இரண்டு முறை தாண்ட வேண்டும். கப்பலின் அடித்தளப் புழுக்கத்தில் மாதக்கணக்கில் கிடந்தால் மற்ற ஒயின் பாழாகிவிடும். பிராந்தி சேர்த்த மதீராவோ முன்னைவிட ருசியேறியது. அதன்பின் பீப்பாய்களை வேண்டுமென்றே இந்தியாவரை அனுப்பித் திரும்ப வரவழைத்தார்கள். நான்கு முறை ரேகை தாண்டிய அந்தச் சரக்குக்கு ‘வின்யோ த ரோதா’ என்று பெயர், விலையும் கூடுதல். இன்று கப்பல் பயணம் இல்லை. மலிவு ரகத்தைத் தொட்டியில் 45 முதல் 50 டிகிரி வரை மூன்று மாதம் சூடாக்குகிறார்கள். உயர்ந்த ரகம் கூரையடி அறையில், பீப்பாயில், வருடக்கணக்காக வெயில் தாங்குகிறது.

அந்தக் கம்பெனிக் கப்பல்கள் வந்த துறைகளில் ஒன்று நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது: பண்ருட்டியிலிருந்து கிழக்கே போனால் கடலூர் தேவனாம்பட்டினம். 1690இல் கம்பெனி அங்கிருந்த கோட்டையை மராட்டியரிடம் வாங்கியபோது பேரத்தில் ஒரு வேடிக்கையான நிபந்தனை: பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம்வரை நிலமும் சேர்த்தி! அப்படிக் கைமாறிய ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் நின்றது. 1746இல் பிரெஞ்சுக்காரரிடம் சென்னை விழுந்தபின் 1752 வரை இந்தப் புனித டேவிட் கோட்டைதான் சோழமண்டலக் கரையில் ஆங்கிலேயரின் தலைமையகம். மதீராவின் ருசியை முற்றவைத்த கடல்வழியில் நம் கடலூரும் ஒரு துறை. ஒயின் வரலாறு எழுதுகிறவர்கள் இதற்கும் ஒரு வரி ஒதுக்க வேண்டும்.

என் தீர்ப்பு: இளசு ஒரு கிளாஸுக்கு நல்லது, நன்றாகக் குளிரவைத்துக் குடிக்க வேண்டும். பேச உட்கார்ந்தால் முதிர்ந்ததுதான். வாங்குகிறவர்களுக்கு ஒரு தகவல்: வெப்பமும் காற்றும் முன்பே பட்டுத் தேறியதால் திறந்த மதீரா புட்டி மாதக்கணக்கில் கெடாது. இளசைத் திறந்தால் ஃபிரிட்ஜில் வைத்து ஒரு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள்.

பலா அடுத்த வாரம்.